யார் கையில் துவக்கு: ஊவாவும் அவசரகாலச் சட்டமும்

1971 ஏப்ரல் 5ஆம் திகதி விடியற்காலையில் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டபோது நாட்டில் அவசரகாலச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. மார்ச் 16ஆம் திகதியே அதைப் பிறப்பித்திருந்தார்கள். அதற்கும் மூன்று நாள் முன்னதாக மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் ரோகண விஜேவீர அம்பாறையில் பிடிபட்டிருந்தார். நாடெங்கும் உள்ள பொலிஸ் நிலையங்களை ஏப்ரல் 5 இரவு 11 மணிக்கு ஒரே நேரத்தில் தாக்குவது முன்னணியின் திட்டம். மொனராகலை மாவட்டத்தின் இந்தச் சந்தி ஊரில் அது பல மணி நேரம் முந்திக்கொண்டது. கொழும்பு விழித்துக்கொண்டதும் அதனால்தான். கிளர்ச்சிக்காரர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் வீட்டில் செய்த குண்டுகளும் வேட்டைத் துவக்குகளும். வேட்டைத் துவக்கு என்பது ஊவாவில் அபூர்வப் பொருள் அல்ல. சேனைப் பயிருக்குள் பன்றி இறங்காமல் காக்க, கச்சேரியில் மனுக் கொடுத்து விவசாயி வாங்கி வைப்பது அது.

ஆயுதம் வைத்திருப்பதை இறுக்கிப் பிடிக்கவே அவசரகாலச் சட்டம் என்று பொதுவாக நினைக்கிறோம். ஊவாவின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அவசரகாலம் வந்த ஒவ்வொரு தடவையும் இங்கே துவக்குகள் குறையவில்லை, கைமாறின. சிலரிடமிருந்து போயின, வேறு சிலருக்கு வந்தன. அந்தக் கைமாற்றத்தில் ஒரு தரப்பு மட்டும் அநேகமாக எப்போதும் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களிலும் மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலும் லயன் காம்பிராக்களில் வாழும் தமிழர்கள்தான் அந்தத் தரப்பு.

முதலில் சட்டத்தின் கட்டமைப்பு. சாதாரண காலத்தில் துவக்கை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நூறாண்டு தாண்டியும், திருத்தங்களோடு அதுவே நடக்கிறது. உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது. உரிமம் ஒவ்வொரு டிசம்பர் 31உடன் முடியும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர்க்காவலுக்கான வேட்டைத் துவக்கென்றால் கிராம சேவகர், பொலிஸ், பிரதேச செயலகம் என்று படியேறி மாவட்டச் செயலாளரிடம் போய் நிற்கும். கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. தன்னியக்கத் துப்பாக்கி வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை வரை போகும். கைக்குண்டு போன்றவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதச் சட்டம் தனியாக இருக்கிறது. இத்தனையும் சாதாரணச் சட்டம்தான், அவசரகாலம் எதுவும் தேவையில்லை. 2024 நவம்பரில் தற்காப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பிக் கையளிக்கும்படி பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டபோது நாட்டில் அவசரகாலம் இருக்கவில்லை.

இதன் மேல் வந்து உட்காருவது 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அரச ஊழியரின் பொது வேலைநிறுத்தத்தை நசுக்க, அந்த ஜூன் மாதத்தில் அவசர அவசரமாக நிறைவேற்றியது. ஊர்வலத்தில் பொலிஸார் சுட்டு எழுதுவினைஞர் கந்தசாமி இறந்த சில நாட்களில் பிறந்த சட்டம் இது. சுதந்திரத்துக்கு முந்தியது என்றாலும், வந்த எந்த அரசும் அதைக் கைவிட மனம் கொள்ளவில்லை. அவசரகாலப் பிரகடனம் வந்தால் ஜனாதிபதி ஒழுங்குவிதிகள் ஆக்கலாம். அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் அவை மேவும். பிரகடனம் ஒரு மாதத்துக்குச் செல்லும். பாராளுமன்றம் பதினான்கு நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும். ஆயுதங்களைப் பற்றிய அவசரகால விதிகள் எழுதப்படும் முறை பெரும்பாலும் ஒன்றேதான். தண்டனை உயரும், பிடியாணை இல்லாமல் தேடலாம், ஊரடங்கு நேரத்தில் கையில் எதைக் கொண்டு போனாலும் கேள்வி வரும், படையினருக்கும் அவர்களுக்குத் துணையாக நியமிக்கப்படுவோருக்கும் விலக்கு உண்டு. பத்திரிகைகள் தண்டனையைத் தலைப்பாக்கும். விலக்கு வரியை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. கைமாற்றம் நடப்பது அந்த வரியில்தான்.

அமெரிக்காவில் இதே விவாதம் தலைகீழாக ஓடுகிறது. 2005 செப்டம்பரில் கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஓர்லியன்ஸ் பொலிஸார் சட்டபூர்வ உரிமையாளர்களின் துப்பாக்கிகளையும் பறித்தார்கள். வழக்கு வந்தது. மறு ஆண்டே பேரிடர்க் காலத்தில் அப்படிப் பறிக்கக் கூடாதென்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 2023 செப்டம்பரில் நியூ மெக்சிகோ ஆளுநர் பொதுச் சுகாதார அவசர நிலையைக் காட்டி அல்புகர்க்கி நகரில் துப்பாக்கியுடன் வெளியே போவதைத் தடுத்தார். சில நாட்களில் நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். அங்கே துப்பாக்கி உரிமை. அவசரகாலம் அந்த உரிமையில் கை வைக்கிறதா என்பதே கேள்வி. இலங்கையில் துவக்கு உரிமை அல்ல, அரசு பார்த்துக் கொடுக்கும் அனுமதி. ஆகவே நாம் கேட்க வேண்டியது அரசு யாரைப் பார்த்துக் கொடுக்கிறது என்று.

இந்தக் கேள்வி ஊவாவில் பழையது. 1817இல் பதுளையில் இருந்த ஆங்கில அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் வெல்லஸ்ஸவில் கொல்லப்பட்டதோடு வெடித்த கிளர்ச்சியை அடக்க, 1818 பெப்ரவரி 21ஆம் திகதி ஆளுநர் பிரவுன்றிக் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். அடக்கப் போன ஊவாத் திசாவ கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் அவர் தலை வெட்டப்பட்டது. அடுத்த நூற்றாண்டில், 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது கொழும்பை ஒட்டிய மாகாணங்களில் ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்து, பிறகு பரவியது. அப்போது ஐரோப்பியத் தோட்டத் துரைமாரும் வர்த்தகரும் ஆயுதம் தரித்து வீதிக்கு வந்தார்கள். விசாரணை இல்லாமல் சுட்டார்கள் என்று சட்டசபையில் குற்றம் சாட்டியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவர் 1916இல் இலண்டனில் நூலாகவே வெளியிட்டார். சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில். ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒரே ஆண்டின் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். ஒன்றில் துவக்குக்கு உரிமம் எப்படி எடுப்பது என்றிருக்கிறது. மற்றதில், அவசரம் என்று வந்தால் துரைமாருக்குத் துவக்கு எவ்வளவு லேசாகக் கிடைத்தது என்றிருக்கிறது.

துரைக்குத் துவக்கு புதிதல்ல. 1900இல் தொடங்கிய இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. அரை நூற்றாண்டு அது நீடித்தது. பங்களாச் சுவரில் துவக்கு, பிரட்டுக்களத்தில் கங்காணியின் கையில் பிரம்பு, மலையில் தொழிலாளியின் கையில் கவ்வாத்துக் கத்தி என்று தோட்டத்தில் யார் என்ன வைத்திருக்கலாம் என்பது சட்டப் புத்தகம் இல்லாமலே தீர்மானமாகியிருந்தது.

அந்த ஒழுங்கு ஒரே ஒரு தடவை குலைந்தது. 1940ஆம் ஆண்டு. யுத்தம் தொடங்கிப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் இருந்த காலம். ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்த வேலைநிறுத்த அலை மலையிறங்கி ஊவாவுக்கு வந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க, வீ. சிற்றம்பலம் ஆகியோர் தோட்டந் தோட்டமாகப் போனார்கள். பதுளையில் கூட்டம் போடத் தடை. மே 12ஆம் திகதி அதே கட்சியின் என். எம். பெரேரா அந்தத் தடையை மீறிப் பதுளையிலேயே பெருங்கூட்டத்தில் பேசினார். பொலிஸாரால் எதுவும் செய்ய முடியவில்லை. பதுளைக்கு அருகேயுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கேட்டுத்தான் தோட்டத்தை நடத்துவதென்று துரையும் ஒத்துக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்தோடு வந்த பொலிஸ் கூட்டம் ஒன்றைத் தொழிலாளர்கள் மடக்கி ஆயுதங்களைப் பறித்தார்கள்.

நான் படித்த அளவில், ஊவாவில் துவக்கு தோட்டத் தொழிலாளியின் கைக்கு வந்த நேரம் அது மட்டும்தான். அதுவும் நிலைக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறையும் மழை வெள்ளமும் சேர்ந்து போராட்டத்தை ஓய வைத்தன. ஜூன் 18ஆம் திகதி பாதுகாப்பு விதிகளின் கீழ் பெரேராவும் பிலிப் குணவர்தனவும் சமரக்கொடியும் கைதானார்கள். பறித்த துவக்குகளைக் கொண்டு அந்தத் தொழிலாளர்கள் யாரையும் சுட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. துவக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சம்பளமும் சங்க உரிமையும் பற்றிப் பேசினார்கள். இடதுசாரி வரலாறுகளில் இந்தச் சம்பவம் வெற்றிக் கதையாக வருகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, ஆயுதம் கைக்கு வந்தும் அதைக் கருவியாக்க அவர்கள் முயலவில்லை என்பதே.

சுதந்திரத்துக்குப் பிறகு கிராமத்துக்கும் லயனுக்கும் இடையில் ஒரு கோடு தெளிவாக விழுந்தது. பயிர்க்காவல் என்று மனுவில் எழுத முதலில் பயிர் வேண்டும், பயிர் நிற்கக் காணி வேண்டும். லயன் காம்பிரா தோட்டத்தின் சொத்து. அதன் பின்புறத்து மரக்கறிப் பாத்தியும் தோட்டத்தின் சொத்து. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையையும் எடுத்துக்கொண்டது. துவக்கு உரிமத்தில் தமிழருக்குத் தடை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. காணி இல்லாதவனுக்குக் காரணம் இல்லை, காரணம் இல்லாதவனுக்கு உரிமம் இல்லை. அதே பன்றி தோட்டத்து மரவள்ளியையும் கிண்டுகிறது என்பது கச்சேரிக்குப் போகாத விஷயம்.

உரிமம் இல்லாத துவக்குகள் வேறு கதை. மொனராகலைக் காட்டோரங்களில் கட்டுத் துவக்கு என்றால் சிறுபிள்ளைக்கும் தெரியும். குழாய் ஒன்றைக் கட்டையோடு கட்டி, மிருகம் வரும் தடத்துக்குக் குறுக்கே கயிறு இழுத்து வைப்பார்கள். இழுபட்டால் வெடிக்கும். வைத்தவன் பக்கத்தில் இருக்கமாட்டான். பன்றிக்கு வைத்தது விறகுக்குப் போனவரின் முழங்காலைப் பெயர்த்த கதைகள் சியம்பலாண்டுவையிலிருந்து தணமல்வில வரை உண்டு. யானைகள் வெடிபட்டுச் சாவதும் சீழ் பிடித்து அலைவதும் இந்த மாவட்டத்தில் வழக்கமான செய்தி. அவசரகால விதி எதுவும் கட்டுத் துவக்கைத் தொட்டதாகச் சொல்ல முடியாது. தோளில் தூக்கிக்கொண்டு வீதிச் சோதனைச் சாவடியைக் கடக்கும் ஆயுதத்தை மனதில் வைத்தே அந்த விதிகள் எழுதப்படுகின்றன. காட்டில் கட்டிக் கிடப்பது அவற்றின் பார்வையில் படுவதில்லை.

1987 தொடக்கம் 1989 வரையான, மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாம் கிளர்ச்சிக் காலத்தில் உரிமத் துவக்கே வீட்டுக்காரனுக்கு வினையானது. இரவில் கதவு தட்டப்படும், துவக்கு கேட்கப்படும். கொடுக்காவிட்டால் கிளர்ச்சிக்காரர்களால் ஆபத்து. கொடுத்தால், விடிந்ததும் பொலிஸுக்கும் இராணுவத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். உரிமப் பதிவேட்டில் யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பது அரசுக்கு வசதி. அந்த விவரம் ஊரில் பரவினால் கிளர்ச்சிக்காரருக்கும் அதே வசதி. தோட்ட மக்கள் இந்த வலையில் அவ்வளவாகச் சிக்கவில்லை. எடுத்துப் போக அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் முன்னணி தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. அதில் தோட்டத் தமிழர் அந்த விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டப்பட்டார்கள். ஆயுதம் இல்லாததால் அவர்களைச் சந்தேகத்துக்கு வெளியே யாரும் வைக்கவில்லை.

அதற்கு முன்பே, 1983 ஜூலைக் கலவரத்தில், இது நெருப்பிலேயே தெரிந்தது. மே 18 முதலே அவசரகாலம் நடைமுறையில் இருந்தது. ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரத் தமிழரின் கடைகள் எரிந்தன. அன்று மாலைக்குள் ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை, மறுநாள் லுணுகலை. கொளுத்தியவர்களுக்குத் துவக்கு வேண்டியிருக்கவில்லை. பெற்றோல் போதும். துவக்கு வைத்திருந்தவர்களோ சீருடையில் இருந்தார்கள்.

பதினேழு ஆண்டு கழித்துப் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். 2000 ஒக்டோபர் 25. கத்தியும் பொல்லும் ஏந்திய கூட்டம் முகாமுக்குள் புகுந்து அங்கு வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்கள் அரச காவலில் இருந்தவர்கள். அங்கே ஆயுதம் தாங்கிய பொலிஸார் அறுபது பேரளவில் நின்றார்கள். அவர்கள் கூட்டத்தைத் தடுக்கவில்லை. 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 மே மாதம் உயர் நீதிமன்றம் அவர்களில் எஞ்சியிருந்தவர்கள் அனைவரையும் விடுதலை செய்தது. துவக்கை எப்போது எடுக்கக் கூடாது என்பதற்கு நம்மிடம் விதிக்கு மேல் விதி இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டிய நேரத்தில் எடுக்காதவரை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பிந்துனுவெவ வழக்கு பதில் தராமலே முடிந்தது.

கைமாற்றத்தின் மறுபக்கம் 2008இல் மொனராகலையில் நடந்தது. அந்த ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி, அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான யுத்த நிறுத்த உடன்படிக்கை முறைப்படி முடிவுக்கு வந்த நாள். அன்று காலை புத்தளை அருகே ஒக்கம்பிட்டிய பக்கத்தில் பஸ் ஒன்றில் குண்டு வெடித்தது. தப்பி ஓடியவர்களையும் சுட்டார்கள். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் தணமல்வில பக்கத்தில் விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். ஊர் மக்கள் பயந்தது நியாயம். அரசின் பதில் கிராமத்தவர்களுக்கு ஆயுதம் கொடுப்பதாக இருந்தது. ஊர்க்காவல் படைக்கான சட்டம் 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத்தில் ஏற்கனவே இருந்தது. 2006இல் அந்தப் படையே சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக வளர்ந்திருந்தது. ஒருபக்கம் ஆயுதம் வைத்திருந்தால் கடுந்தண்டனை என்ற அவசரகாலம். மறுபக்கம் அதே வாரங்களில், அதே மாவட்டத்தில், துவக்கு விநியோகம்.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. காட்டுக்குள்ளிருந்து யார் வருவார் என்று தெரியாமல் இரவைக் கழிக்கும் ஊருக்குக் காவல் வேண்டும். ஆனால் தோட்ட லயனும் அதே காட்டின் ஓரத்தில்தான் இருந்தது. அங்கிருந்தவர்களும் அதே பஸ்களில்தான் போனார்கள். பக்கத்துக் கிராமத்தவன் காவலனாகி, தான் அடையாள அட்டையை நீட்டி நிற்பவனாவது அவர்களுக்கு அன்று நேர்ந்த மாற்றம். ஒரே வீதி, ஒரே பயம். யார் யாரைச் சோதிப்பது என்பது மட்டும் துவக்கு யார் கையில் என்பதைப் பொறுத்துத் தீர்ந்தது.

1983 முதல் இடையிடையே விட்டுவிட்டு நீண்ட அவசரகாலம் 2011 ஓகஸ்ட் முடிவில் காலாவதியானது. ஆயுதம் தாங்கிய படையினர் வீதியில் நிற்பது அதோடு முடியவில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அவசரகாலமே இல்லாமல் முப்படையை ஒழுங்கு காக்க அழைக்க இடமளிக்கிறது. பதுளை, மொனராகலை உட்பட மாவட்டங்களின் பெயர்ப் பட்டியலோடு வர்த்தமானி மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

2019இல் தோட்டத் தொழிலாளி 'ஆயுதம் வைத்திருப்பவர்' வரிசைக்கு நெருங்கி வந்தார். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு மறுநாள், ஏப்ரல் 22இல் அவசரகாலம் பிறந்தது. மே முதல் வாரத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி பொலிஸ் பேச்சாளர் கேட்டார். அன்றாட வேலைக்குப் பயன்படுபவற்றுக்கு விலக்கு. பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் தேடுதல் நடந்த அந்த நாட்களில் முஸ்லிம் மக்கள் பட்ட பாடு பெரிது. கத்திப் பேச்சின் முழுச் சுமையும் அவர்கள் மேல் விழுந்தது. தோட்டத்தில் கேள்வி வேறு வடிவில் வரும்.

கவ்வாத்துக் கத்தி வளைந்த அலகு கொண்டது. தேயிலைச் செடியின் தடித்த கிளையை ஒரே வெட்டில், மரம் பிளக்காமல் சாய்வாக அறுக்க வேண்டும். பிளந்தால் செடி அழுகும். அதனால் அதைச் சாணைக்கல்லில் இழைத்து இழைத்துக் கூராக வைத்திருப்பார்கள். நிரையில் நிற்கும்போதும் கல் இடுப்பில் இருக்கும். வேலை முடிந்து கத்தி வீட்டுக்கே வரும். மலையில் அது வேலைச் சாமான், லயன் கதவில் செருகியிருந்தால் வீட்டுச் சாமான், பசறை பஸ்ஸில் கைப்பைக்குள் இருந்தால்? விலக்கு வரியின் 'அன்றாட வேலை' என்ற இரண்டு சொற்களுக்கு அந்த இடத்தில் பொருள் சொல்பவர் சோதனைச் சாவடியில் நிற்கும் கான்ஸ்டபிள். அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். துவக்குக்கு உரிமப் புத்தகம் உண்டு, எடுத்துக் காட்டலாம். கத்திக்கு எதைக் காட்டுவது?

அதனால்தான் அவசரகால ஆயுத விதிகளில் தண்டனையின் நீளத்தைவிட நடைமுறையின் விவரம் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒப்படைக்கும் உரிமத் துவக்குக்குப் பற்றுச்சீட்டு கிடைக்குமா, எந்தத் திகதிக்குள் திரும்பும், ஊர்க்காவலுக்குக் கொடுத்த துவக்கின் இலக்கம் எங்கே பதிவாகிறது, யார் திருப்பி வாங்குவது, தொழிற்கருவிகளின் பட்டியல் மூன்று மொழியிலும் சாவடியில் ஒட்டியிருக்கிறதா என்பவை விதியிலேயே எழுதக்கூடியவை. உரிமமில்லாத ஆயுதங்களுக்குப் பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பது அரசுக்குப் பழக்கமானதுதான். கொடுத்த துவக்குகளின் கணக்கைப் பொதுவில் வைப்பதுதான் பழக்கத்துக்கு வரவில்லை.

இத்தகைய கேள்விகளுக்கு இப்போது நீதிமன்றத்திலும் இடம் திறந்திருக்கிறது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகாலம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 23ஆம் திகதி பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. அவசரகாலம் தேவையா என்று தீர்மானிப்பது ஜனாதிபதியின் வேலை, நீதிமன்றம் தலையிடாது என்ற பழைய நம்பிக்கைக்கு அது பெரிய அடி. பிரகடனத்தையே கேள்விக்கு உட்படுத்தலாம் என்றால், அதன் கீழ் வரும் ஆயுத விதியின் ஒவ்வொரு விலக்கையும் கேள்விக்கு உட்படுத்தலாம்.

அந்தத் தீர்ப்பு வந்து நான்கு மாதத்தில் நாட்டில் மறுபடியும் அவசரகாலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல், பதுளை மாவட்டத்தில் மண்சரிவு. இம்முறை காரணம் கிளர்ச்சியும் இல்லை, குண்டும் இல்லை. ஆனால் பிறப்பிக்கப்பட்டது அதே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். சரிந்த மண்ணைத் தோண்டவும் விழுந்த மரத்தை வெட்டி வழி எடுக்கவும் மண்வெட்டியும் கத்தியும்தான் முதலில் வேண்டும். மண்சரிவுக்கு எழுதும் அவசரகால விதியும் துப்பாக்கிச் சண்டைக்கு எழுதும் அவசரகால விதியும் ஒரே அச்சில் வார்க்கப்பட வேண்டிய அவசியம் என்ன என்று ஊவாவின் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் கேட்கலாம். பிரகடனம் ஒவ்வொரு மாதமும் அவர்கள் முன்னால் அங்கீகாரத்துக்கு வந்தே ஆக வேண்டும்.